விடாமல் போன இடைவேளைகள்

செங்காட்டுப்பாளையத்துத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு இடைவேளையை நிறுத்தின வருஷம், அந்தப் பிள்ளைகளுக்கு விடாமல் போன நேரமெல்லாம் எங்கேயும் போய்விடாமல் பள்ளிக்கூடத்துப் பின்பக்க மைதானத்திலேயே சேர்ந்து கிடந்தது. அதை முதலில் கண்டுபிடித்தது சத்துணவு ஆயா அங்கம்மா. முதலில் நம்பினது ஐந்தாம் வகுப்பு வசந்தாமணி டீச்சர். அதில் படுத்துத் தூங்கி எழுந்தது ஊர் மொத்தமும்.

நிறுத்தினது ஒன்றும் பெரிய சண்டை சச்சரவோடு நடக்கவில்லை. டவுனில் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு இடம் வேண்டுமானால் இனிமேல் பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். போன வருஷம் எழுதின பிள்ளைகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. பள்ளிக்கூடத்துத் தாளாளர் ஈஸ்வரமூர்த்தி பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, "சின்னதுக ஓடட்டுங்க, அதுக மண்ணுல பொரளற வயசு. அஞ்சாவது படிக்கிற பெரிய பசங்களுக்கு என்னத்துக்குங்க ஆட்டம்? ஒண்ணுக்குப் போயிட்டு வந்து உக்காந்து நாலு கணக்குப் போட்டா ஆகாதா?" என்று கேட்டார். தறியை நிறுத்திவிட்டு வந்திருந்த பெற்றோர்கள், கூட்டம் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று தலையாட்டினார்கள்.

வசந்தாமணி சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் விடியுமுன் எழுந்து, பக்கவாதத்தில் விழுந்த மாமியாரைத் துடைத்து உடுத்திக் கஞ்சி புகட்டி, இரவு ஷிஃப்ட் முடித்து வருகிற கணவனுக்குச் சோறு வடித்து வைத்து, பஸ்ஸில் ஒற்றைக் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்து இறங்குகிற ஒருத்திக்கு, வெயிலில் நின்று யார் அவுட், யார் அவுட் இல்லை என்று பஞ்சாயத்துப் பண்ணி, முட்டி சிராய்த்ததுக்கு மஞ்சள் வைத்து, அழுததைத் தேற்றி, அடித்ததை அதட்டுகிற அந்த வேலை இனிமேல் இல்லை என்று கேட்டபோது உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷச் சம்பாத்தியமாக அவளிடம் மிச்சம் இருந்தது களைப்பு ஒன்றுதான். அதை யாரிடமும் காட்டிக்கொள்ளாமல் நடமாடக் கற்றிருந்தாள், அவ்வளவே.

அன்றிலிருந்து இடைவேளை மணி அடித்தால் ஒன்றாவது முதல் நாலாவது வரை முன்பக்க முற்றத்தில் கத்திக்கொண்டு ஓடும். ஐந்தாம் வகுப்புக் கதவு சாத்தியே இருக்கும். பெரிய பிள்ளைகள் சின்னதுகளை இடித்துத் தள்ளிவிடுவார்கள் என்று பின்பக்க மைதானத்தை எப்போதோ ஐந்தாம் வகுப்புக்கென்றே விட்டிருந்தார்கள். இரண்டு புங்கமரமும், ஒரு அடிபம்பும், ஏணி உடைந்த ஒரு சறுக்குப் பலகையும் இருந்த அந்த இடத்துக்கு இப்போது காக்காய் தவிர யாரும் வருவதில்லை.

ஆடி கழிந்து ஒரு நாள் காலையில், அங்கம்மா உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, தழை கூட்டலாம் என்று பின்பக்கம் போனாள். இடுப்பு வலிக்கிறதே என்று புங்கமரத்தடியில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். மூன்று பிள்ளைகளைப் பெற்று, இரண்டைக் கட்டிக் கொடுத்து, ஒன்றைப் பறிகொடுத்த காலம் முழுக்கச் சேர்த்துத் தூங்கினாள். விழித்ததும் பதறி எழுந்தாள். சோறு குழைந்திருக்கும், கரிந்திருக்கும், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் பட்டினியாக வீட்டுக்குப் போயிருக்கும் என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்து பார்த்தால், உலையில் இன்னும் ஒரு கொதிகூட வரவில்லை.

அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஐந்தாம் வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங் டீச்சர், பின்னாடி மைதானத்துல நேரம் கெடக்குதுங்."

"எவ்வளவு கெடக்குது?" என்றாள் வசந்தாமணி, சாக்பீஸைக் கீழே வைக்காமல்.

"நெறயக் கெடக்குதுங். நான் எடுத்ததே தெரியல."

வசந்தாமணி அவள் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாகக் கண்ணுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த கருப்புப் பை இரண்டையும் காணோம். வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. பலகையில் 'பின்னங்கள்' என்று எழுதிக்கொண்டிருந்தவள் 'பின்' என்பதோடு விட்டுவிட்டு, "சத்தம் போடாம இருங்க" என்று சொல்லிப் போனாள். புங்கமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அங்கே பார்க்க ஒன்றும் விசேஷமாக இல்லை. வெயில் ஏறாத காலை நேரத்துக் காற்று அடித்தது, அவ்வளவுதான். தெருத் தெருவாக இரவும் பகலும் அடித்துக்கொண்டிருக்கிற தறிச் சத்தம் அங்கே கேட்கவில்லை. அவள் தூங்கினாள், எழுந்து உட்கார்ந்து எதையும் யோசிக்காமல் எறும்பைப் பார்த்தாள், மறுபடியும் தூங்கினாள், போதும் போதும் என்று உடம்பே சொன்ன பிறகு எழுந்து வந்தாள். பிள்ளைகள் அவள் விட்டுப்போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதாமல் விட்ட 'னங்கள்' என்பதை எழுதி முடித்தாள்.

இப்படிப்பட்ட விஷயம் ஊரில் எத்தனை நாள் மறைந்திருக்கும்? தலைமுடியில் பஞ்சு ஒட்டிக்கொண்டு தறிப்பட்டறைப் பெண்கள் வந்தார்கள், தண்ணீர் குடிக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வந்து, ஆசை தீரத் தூங்கி, தண்ணீர் குடித்த நேரம்கூட ஆகாமல் திரும்பிப் போனார்கள். டீக்கடைக்காரர் வந்தார். தறிக்குப் பாவு நூல் ஓட்டுகிற கிழவர் வந்தார். கைக்குழந்தைக்காரிகள் குழந்தையை அங்கம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய், குழந்தை முகம் சுளிப்பதற்குள் வந்து வாங்கிக்கொண்டார்கள். பூசாரி வந்து மரத்துக்கு மஞ்சள் துணி கட்டலாமா என்று யோசித்தார், யோசித்தபடியே தூங்கிவிட்டார். எழுந்து, சாமிக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது, விடுங்கள் என்றார். பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவரும் வந்து அதே மரத்தடியில் படுத்து எழுந்து போனார். கல்வி அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தவர் உள்ளே போய் வெளியே வந்து, புகார் சொல்லும்படி ஒன்றுமில்லை என்று முகம் மலரச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். காலையில் பெண்கள், பொழுது சாய ஆண்கள் என்று யாரும் சொல்லாமலே முறை வந்தது. கோயிலுக்குப் போகிற மாதிரி மைதானத்துக் கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும் பழக்கமும் வந்தது. தாளாளர் ஈஸ்வரமூர்த்தி ஆரம்பத்தில் பள்ளிக்கூடத்து இடத்தில் வெளியாள் வரலாமா என்று குதித்தார். ஒரு தரம் மூட்டு வலியோடு போய்ப் படுத்து வந்த பிறகு, கேட்டுக்குப் புதுசாகப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார்.

பட்டறை முதலாளி ஒருத்தர், இவ்வளவு நேரம் சும்மா கிடக்கிறதே, வீணாகப் போகலாமா என்று தையல் மெஷின்களைக் கொண்டுவந்து மரத்தடியில் போட்டு, பெண்களை உட்காரவைத்துப் பார்த்தார். ஊசி ஏறி இறங்கியது. நூல் மட்டும் துணியைப் பிடிக்கவில்லை. எவ்வளவு நேரம் மிதித்தாலும் ஒரு தையல் விழவில்லை. அந்த நேரத்தில் உபயோகமான காரியம் எதுவும் செய்ய முடியாது என்று அன்றைக்கு ஊருக்குத் தெரிந்தது. அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மெஷினைத் திருப்பி எடுத்துப் போகிற ஆட்களும் போகிற போக்கில் சற்றுப் படுத்து எழுந்து போனார்கள்.

இன்னொரு சங்கதியும் இருந்தது. அதையும் ஊர் சிரித்து ஏற்றுக்கொண்டது. உள்ளே தூங்கி வருகிறவர்கள் சம்பந்தமில்லாத பேச்சோடு வெளியே வந்தார்கள். பாவு ஓட்டுகிற கிழவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்து, "நான் அவுட்டே ஆகல, கோட்டை மிதிக்கவே இல்ல" என்று டீக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார். கல்யாணமாகி மகன் மகளெல்லாம் பெற்ற ஒருத்தி, "என்னைய மட்டும் சேத்திக்கவே மாட்டேங்கறாங்க" என்று தேம்பினாள். யார் என்று கேட்டால் தெரியவில்லை. சிலருக்கு உள்ளங்கையில் செம்மண் இருந்தது. சிலர் முட்டியில் சிராய்ப்போடு வந்தார்கள். ஒரு தூக்கத்துக்கு இதுகூட இல்லாமலா என்று மஞ்சள் வைத்துக்கொண்டு போனார்கள்.

ஊர் இப்படி இளைப்பாற இளைப்பாற, ஐந்தாம் வகுப்பு அமைதியாகிக்கொண்டே வந்தது. ஆரம்பத்தில் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள், பெஞ்சுக்கு அடியில் காலை ஆட்டினார்கள், ரப்பரை உருட்டி விளையாடிப் பிடிபட்டார்கள். பிறகு அதுவும் நின்றது. பத்து வயசுப் பிள்ளைகள் பிடரியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டார்கள். உட்காரும்போது 'அப்பாடா' என்றார்கள். ஒரு நாள் வசந்தாமணி வராந்தாவில் வரும்போது, நவதீபன் என்கிற பையன் பக்கத்துப் பையனிடம், "என்னமோ போகுதுடா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பிள்ளைகளுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று வீடுகளில் சந்தோஷப்பட்டார்கள். கணக்கில் மட்டும், அத்தனை உட்கார்ந்தும், பழைய மார்க்கே வந்துகொண்டிருந்தது. பிறகு அதற்கும் கீழே போயிற்று.

அவர்களில் சர்வினி என்று ஒரு பெண். முன்பெல்லாம் வாய் ஓயாதவள். நிதர்சனா என்கிற சிநேகிதியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டேதான் நடப்பாள். இப்போது இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். சர்வினியின் கையெழுத்து நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே போய், எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகியிருந்தது. பெரிதாக எழுது கண்ணு என்றால், "சரிங் டீச்சர்" என்று சொல்லி இன்னும் சின்னதாக எழுதினாள். வசந்தாமணி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பிறகு பார்க்கலாம் என்று பின்பக்கம் போய்ப் படுத்தாள்.

அன்றைக்குத் தூங்கி எழுந்தபோது அவள் வாய்க்குள் ஒரு வாக்கியம் இருந்தது. தொண்டையில் மாட்டின மீன்முள் மாதிரி, சொன்னால் ஒழியப் போகாது என்று நின்றது. மரத்தைப் பார்த்து மெல்லச் சொன்னாள்.

"நிதர்சனா, ஆருகிட்டயும் சொல்லாத, எங்கப்பா ஊட்டுக்கே வரதில்லடீ. திருப்பூர்ல வேற ஊடு இருக்குதாம். எங்கம்மாகிட்டக் கேக்கப் பயமா இருக்குது."

சொல்லி முடித்ததும் அவளுக்கு விளங்கிப்போயிற்று. இவ்வளவு நாளும் ஊர் படுத்துப் புரண்டது யாருடைய நேரத்தில் என்று விளங்கியது. கிழவருடைய அவுட் நவதீபனுடையது. கல்யாணமான அந்தப் பெண் தேம்பின தேம்பல் இந்த வகுப்பில் எந்தப் பிள்ளையோ அழுது, இன்னொரு பிள்ளை வந்து கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சேர்த்துக்கொண்டு, ஆறிப்போயிருக்க வேண்டியது. சர்வினி மரத்தடியில் சிநேகிதியின் காதில் சொல்லிக் கரைத்திருக்க வேண்டியது வேறு போக்கிடம் இல்லாமல் டீச்சரின் வாயில் வந்து நின்றிருக்கிறது. வசந்தாமணி கையை ஊன்றி எழுந்தாள்.

அப்போதுதான் மைதானத்தைச் சுற்றிப் பார்த்தாள். அடிபம்பு இருக்கிற மூலையில் தறிச் சத்தம் கேட்டது. சறுக்குப் பலகைப் பக்கமும் கேட்டது. சேர்ந்து கிடந்த நேரம் வற்றி, இரண்டு புங்கமரத்து நிழல் அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது.

மறுநாள் காலையில் கேட்டை இழுத்துச் சாத்தி, அதன்முன் நின்றாள். பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றார்கள். முதலில் நின்றவள் கோகிலவாணி, சர்வினியின் அம்மா. இரண்டு ஷிஃப்ட் தறி ஓட்டுகிறவள்.

"இனிமே இது இல்லீங்க. இது பசங்களோட இன்டர்வல். அவங்களுக்கு விடாம வெச்சதத்தான் நாம எடுத்துட்டிருக்கோம்" என்றாள் வசந்தாமணி.

கோகிலவாணி கோபப்படவில்லை. கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டுமே. "இருக்கட்டுங் டீச்சர். பசங்களுக்கு இன்னும் எத்தனையோ காலம் கெடக்குது. எனக்கு வேற எங்கீங் நேரம் இருக்குது? இங்க கண்ண மூடறதுனாலதான் நான் இன்னும் பைத்தியம் புடிக்காம இருக்கறனுங். நீங்களும் பொம்பளதான, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அதற்கு வசந்தாமணியால் தெரியும் என்றுதான் சொல்ல முடியும். அவள் கோகிலவாணியைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய், மற்றவர்களுக்குக் கேட்காமல், தன் வாயில் வந்த வாக்கியத்தை ஒரு எழுத்து விடாமல் சொன்னாள்.

கோகிலவாணி கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்தாள். "அவளுக்குத் தெரியாதுன்னு நெனச்சனுங்" என்றாள். பிறகு, "எத்தன நாளா வெச்சிருந்தாளாம்?" என்றாள்.

"தெரியலீங்க. எங்கிட்ட நேத்துத்தான் வந்துது."

கோகிலவாணி திரும்பிப் போய்த் தன் செருப்பைத் தேடி மாட்டினாள். அதற்கு ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது. பின்னால் நின்ற பெண்களிடம், "போலாம் வாங்கக்கா, தறி நிக்குது" என்றாள். ஏதோ கேட்க வாயெடுத்த ஒருத்தி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் செருப்பைத் தேடினாள்.

இடைவேளை மணி அடித்ததும் வசந்தாமணி தாளாளரைக் கேட்காமல் ஐந்தாம் வகுப்பை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளைகள் வரிசையாகப் போய் மரநிழலில் வரிசையாகவே நின்றார்கள்.

"டீச்சர், என்னங் பண்ணோணும்?" என்றான் நவதீபன்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"பரீட்சைக்கு வருங்களா?"

"வராது. நான் வெளியில நிக்கறேன். உங்களுக்கா போதும்னு தோணறப்ப வாங்க."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பையன் கீழே கிடந்த புங்கங்காயைக் காலால் தள்ளினான், அது இன்னொருத்தன் காலில் பட்டது, அவன் முறைத்தான். அதற்கு மேல் வசந்தாமணி பார்க்கவில்லை. வெளியே வந்து கேட்டைச் சாத்தினாள், கொக்கியைப் போட்டாள். போட்ட கையை எடுப்பதற்குள் உள்ளேயிருந்து தட்டினார்கள்.

திறந்தாள். முகமெல்லாம் கறுத்துப்போய் வந்தார்கள். நகம் வளர்ந்து அதில் செம்மண் ஏறியிருந்தது. இரண்டு பேருக்குப் பல் விழுந்திருந்தது, ஒருத்தனுக்கு விழுந்த இடத்தில் புதுசு எட்டிப் பார்த்தது. சட்டைப் பொத்தான் பாதிப் பேருக்கு இல்லை. யாரும் சொல்லிக் கொடுக்காத ஒரு விளையாட்டும் அதற்கு எக்கச்சக்கமான சட்டதிட்டங்களும் அவர்களிடம் இருந்தன. அதைப்பற்றி எல்லோரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். கட்சி பிரிந்து, சண்டை போட்டு, பேசாமல் இருந்து, மறுபடி சேர்ந்து, எத்தனை காலம் வாழ்ந்தார்களோ, அத்தனையும் முகத்தில் இருந்தது. கடைசியாகச் சர்வினியும் நிதர்சனாவும் வந்தார்கள். இரண்டு பேர் கண்ணும் அழுது வீங்கியிருந்தது. சர்வினியின் கை நிதர்சனாவின் தோளில் கிடந்தது.

அவர்களுக்குப் பின்னால், மரநிழலுக்குள்ளும் தறிச் சத்தம் புகுந்துவிட்டிருந்தது. அங்கே இப்போது வெறும் மண்தான்.

ஊர் அவளை மன்னிக்க நாளாயிற்று. ஒரே வாரத்தில் எல்லோர் கண்ணுக்குக் கீழேயும் பழைய பைகள் வந்து தொங்கின. டீக்கடைக்காரர் அவளுக்கு டீயை வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அங்கம்மா மட்டும், "எடுத்தவரைக்கும் லாபமுங்" என்றாள். கடைசியில் தாளாளர் ஊர்க் கூட்டம் போட்டார். நயமாகத்தான் பேசினார்.

"நடந்தது நடந்துபோச்சுங். ஒரே ஒரு ரோசனை. அஞ்சாவதுக்கு மறுபடியும் இன்டர்வலை நிறுத்திட்டா, மறுபடியும் சேருமில்லீங்களா? ஒரு வருசம் பொறுத்தமுன்னா ஊருக்கே ஆகும். பரீட்சைக்குப் படிச்சமாதிரியும் இருக்கும்."

வேண்டாம் என்று சொல்லும்படி அங்கே யாரும் அவ்வளவு தூங்கியிருக்கவில்லை. வசந்தாமணி எழுந்தாள். தாளாளர் சொன்னதைக் கேட்டபோது தன் உடம்பு முழுக்க அந்தப் புங்கமரத்தடியை நினைத்து ஏங்கினது அவளுக்கே தெரிந்தது.

"எனக்கும் வேணுமுங்க. இங்க இருக்கற எல்லாத்தயும்விட எனக்குத்தான் அதிகமா வேணும். ஆனா அதுல படுத்தா இனிமே எனக்குத் தூக்கம் வராது. ஒவ்வொரு பிள்ளையும் சொல்லாம விட்டதெல்லாம் வந்து நம்ம வாய்ல நிக்கும். நிக்கட்டும்னா இன்டர்வலை நிறுத்திக்கங்க."

கோகிலவாணி உட்கார்ந்த இடத்திலிருந்தே, "எம்புள்ள வெளயாடட்டுங்" என்றாள். "நமக்கு நேரம் வேணுமுன்னா பட்டறைக்காரங்ககிட்டக் கேக்கோணுமுங். புள்ளைங்ககிட்ட இல்ல." முன்வரிசையில் இருந்த பட்டறை முதலாளிகள் அவசர வேலை ஞாபகம் வந்த மாதிரி செல்போனைப் பார்த்தார்கள். கேட்டும் கிடைக்கப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு நிறுத்தலாம் என்று யாரும் வாயெடுக்கவில்லை. தாளாளர் மூட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து கூட்டத்தை முடித்தார்.

இடைவேளை திரும்பி வந்தது. அன்றன்றைக்கு விட்டதை அன்றன்றைக்கே பிள்ளைகள் ஓடித் தீர்த்தார்கள், மிச்சம் ஒன்றும் சேரவில்லை. வசந்தாமணி பழையபடி வெயிலில் நின்றாள், பழையபடி அவுட் பஞ்சாயத்துப் பண்ணினாள், மஞ்சள் வைத்தாள். மாமியாருக்கு முந்தின இரவு மூச்சு முட்டி விடிய விடிய உட்கார்ந்திருந்துவிட்டு வந்த ஒரு நாள், இமை தானாகக் கவிழ நின்றுகொண்டிருந்தபோது, சர்வினி மூச்சிரைக்க ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

"டீச்சர், ஒரு ஆளு கொறையுதுங். வாங்க."

"எனக்கு ஓட முடியாது கண்ணு. இன்னிக்குச் சுத்தமா முடியாது."

சர்வினி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஓட வேண்டாமுங். நீங்க சும்மா நில்லுங்க. நாங்க ஓடிவந்து தொடறதுக்கு ஒரு ஆளு வேணும். உங்களத் தொட்டுட்டா அவுட் இல்ல."

கையைப் பிடித்து இழுத்துப்போய் மைதானத்து நடுவில் நிறுத்திவிட்டு ஓடிவிட்டாள். வசந்தாமணி நின்றாள். சுவருக்கு அந்தப்பக்கம் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. அடுப்பில் அங்கம்மாவின் உலை நேரம் தவறாமல் கொதித்துக்கொண்டிருந்தது. வேர்த்த கைகள் ஒவ்வொன்றாக வந்து அவள் முதுகிலும் தோளிலும் சேலை மடிப்பிலும் பட்டு, "தொட்டாச்சு, தொட்டாச்சு" என்று கத்திவிட்டுப் போயின. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், விழுந்துவிடாமல் நிற்பதை மட்டும் பார்த்துக்கொண்டாள்.